மச்சினனுக்கு நான் போட்ட பட்டம்

1

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. என் மச்சினன் ரெங்கனின் மகளுக்குக் கல்யாணம், வருகிற ஆவணியில். உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கடல் தாண்டி வந்தும் மஞ்சள் போகவில்லை.

என் மனைவி செண்பகம் உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். ஒன்பது நாள் அங்கேயே கிடந்தது.

"பிரிச்சுப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"என்னத்தப் போட்டுருப்பான்? இந்தத் தடவ மந்திரின்னு போட்டுருப்பான்" என்றாள்.

ரெங்கன் அவளுக்கு ஒரே தம்பி. ஒரு வருஷமாக அவனோடு அவளுக்குப் பேச்சு கிடையாது. போன வருஷம் இங்கே கனடாவில் எங்கள் மகள் சுதாவுக்குக் கல்யாணம் நடந்தது. ரெங்கன் வரவில்லை. தாய்மாமன் வரவில்லை என்றால் எங்கள் பக்கம் அது சின்ன விஷயம் இல்லை. பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது அவன்தான்.

விசா கிடைக்காததால் அவன் வரவில்லை. கிடைக்காமல் போனதற்கு இரண்டு காரணம். அப்போது ஒன்று செண்பகத்துக்குத் தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும். இன்னொன்று அவளுக்குத் தெரியவே தெரியாது. இரண்டையும் செய்தது நான்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

ராஜபாளையத்தில் ஒரு மில் ஒர்க்ஷாப்பில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் பஹ்ரைனில் மூன்று வருஷம். 1981இல் கனடா வந்தேன். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பம்பு தொழிற்சாலை. அன்றிலிருந்து இன்றுவரை அதே லேத், அதே மூலை. இரண்டாவது ஷிப்டு. மத்தியானம் தூக்குச் சட்டியோடு போவேன். குளிர்காலத்தில் போகிற வழியிலேயே சோறு ஐஸ் ஆகிவிடும்.

ரெங்கன் ஐ.டி.ஐ. படித்தவன். ஃபிட்டர். இருபது வயதில் ராஜஸ்தானில் ஓர் அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். தண்ணீர் ஏற்றும் பம்புகளைக் கழற்றி மாட்டுவது அவன் வேலை. அந்த நிலையத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கனடாக்காரர்கள்தான். 1974இல் இந்தியா பூமிக்கடியில் குண்டு வெடித்துப் பார்த்தது. அமைதிக்குத்தான் வெடித்தோம் என்று இந்தியா சொன்னது. இவர்கள் நம்பவில்லை. பாதி வேலையில் பெட்டியைக் கட்டிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் ஓர் ஆணி அனுப்பவில்லை.

ரெங்கன் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். "வெள்ளக்காரன் ஒருத்தன், எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவன், போறப்ப அவன் ஸ்பானரை என் கையில குடுத்தான் அத்தான். வச்சிரு, வந்து வாங்கிக்கிடுதேன்னான். இன்னும் வச்சிருக்கேன்" என்பான்.

அந்த வெள்ளைக்காரர் வரவில்லை.

3

1986இல் லீவில் ஊருக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டில் இருந்தோம். ரெங்கனும் லீவில் வந்திருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"அத்தான், இதச் செத்த பாருங்க."

தாள் முழுக்கப் பென்சில் தேய்த்திருந்தது. நடுவில் எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது.

"என்ன மாப்ள இது?"

"எங்க பம்புல இருக்குற பேருத் தகடு. மேல தாளை வச்சு பென்சிலத் தேச்சேன். கீழ ஊர்ப் பேரு இருக்கு, படிங்க."

படித்தேன். நான் இருக்கும் ஊர். மேலே நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பேர்.

உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்கிறது. மறுபடி ஒரு தடவை படித்தேன். ரெங்கன் சிரித்தான். "நீங்க அந்தப் பக்கம் செய்யுதீக. நான் இந்தப் பக்கம் மாட்டுதேன். நடுவுல அக்கா" என்றான்.

பிறகு சிரிப்பை விட்டான். தாளின் பின்பக்கம் ஒரு வளையம் வரைந்து காட்டினான். பம்பில் தண்ணீர் கசியாமல் தடுப்பது அது.

"இது தேஞ்சு போச்சு. வருசக்கணக்கா கேட்டு எழுதுதோம். தர மாட்டேன்னுட்டாக. அடுத்த தடவ வாரப்ப பைக்குள்ள ஒண்ணு போட்டுட்டு வாங்க. அக்கா வளையல் சைசுதான்."

அந்த வளையத்தை நான் தினமும் கடைகிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

"தப்பு மாப்ள" என்றேன்.

"எது தப்பு? தண்ணி ஏத்துற பம்பு. இத வச்சு குண்டா செய்வாக? இங்க அடுப்படில எரியுதே பல்பு, அதுக்குத்தான். நம்ம வீட்ல வெளக்கு எரிய எதுக்கு அடுத்த நாட்டான்ட்ட உத்தரவு கேக்கணும்?"

"அது நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள பேச்சு. எனக்கு வேலை போயிரும்."

"சரி, பொருள் வேண்டாம். அளவையாவது சொல்லுங்க."

அளவு எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"தெரியாது" என்றேன்.

ரெங்கன் என் முகத்தைப் பார்த்தான். பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தாளை மடித்துப் பையில் வைத்தான்.

"விடுங்க அத்தான். கேட்டுப் பாத்தேன்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் சுதாவைக் கூட்டிக்கொண்டு போய் பால்கோவா வாங்கிக் கொடுத்தான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வருஷம் கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். "வளையத்தை நாங்களே கடைந்தோம். பதினோரு தடவை கசிந்தது. பன்னிரண்டாவது நின்றுவிட்டது."

4

சுதா இங்கேயே வளர்ந்தவள். தமிழ் பேசுவாள். படிக்க வராது. மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள். பையனும் தமிழ்தான், கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள். சம்பந்தி டாக்டர். அவர்கள் வீட்டில் பட்டம் வாங்காதவர் யாரும் இல்லை.

1998 தை மாதம் தனியாக ஊருக்குப் போயிருந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தேன். ரெங்கனும் பொங்கல் லீவில் வந்திருந்தான், ஆனால் பிரஸ்ஸுக்கு நான் மட்டும்தான் போனேன். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். பிரஸ்காரர் அச்சுப்படியை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லும்."

"மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் எம்.டி., எம்.எஸ்., பி.இ.ன்னு வால் மாதிரி நீளுது. உங்க பக்கம் வெறும் பேராக் கெடக்கு. ஒரு பக்கம் மட்டும் மீசைய வழிச்ச ஆளு மாதிரி இருக்கு பாருங்க."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

"தாய்மாமன் எங்க வேலை பாக்காரு?"

"அணுமின் நிலையத்துல."

"அடேயப்பா. இத வச்சுக்கிட்டா சும்மா இருக்கிய? அணு விஞ்ஞானின்னு போட்ருவோம்."

"அவன் பம்பு ஃபிட்டரு."

"இருக்கட்டுமே. போன வாரம் ஒருத்தரு. ஆஸ்பத்திரில கட்டு கட்டுதவரு. டாக்டர்னு போட்டுக் குடுத்தேன். அதுக்காகக் கல்யாணம் நின்னா போச்சு? பத்திரிகைல எவன் அண்ணாச்சி பட்டத்தப் பாக்கான். தன் பேரு இருக்கா, எத்தனாவதா இருக்குன்னுதான் பாப்பான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. மணியகாரர் பேரன் தாசில்தார் ஆவதும், கடையில் கணக்கு எழுதுகிறவர் ஆடிட்டர் ஆவதும் பத்திரிகையில்தான். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அடுத்த கல்யாணத்தில் அவரை இவர் கேட்பார்.

"போடும்" என்றேன்.

ஒரு தாளில் நானே எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழை வரக்கூடாது என்று இரண்டு தடவை எழுதினேன்.

ரெங்கனுக்குப் பத்திரிகை போனது. "அத்தான், கேன்டீனில் எல்லோரும் விஞ்ஞானி சார், டீயா காப்பியா என்று கேட்கிறார்கள்" என்று எழுதினான். அவனுக்கு அது வேடிக்கை.

கனடாவில் சுதா இங்கிலீஷ் பக்கத்தைப் படித்தாள்.

"அப்பா, மாமா சயின்டிஸ்டா?"

"இல்ல."

"அப்ப இது பொய்."

"கல்யாணப் பத்திரிகைல அப்படித்தான் போடுவாக."

"பேப்பர்ல போட்டா அது ரெக்கார்டு, அப்பா" என்றாள்.

இந்த ஊர்ப் பிள்ளை, இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவள் சொன்னதுதான் சரி. இங்கே ஒரு தாளை எடுத்தால் எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள்.

5

கல்யாணம் ஆனியில். விசாவுக்குக் கேட்ட தாளையெல்லாம் ரெங்கன் சித்திரையிலேயே டெல்லியில் உள்ள கனடா தூதரகத்துக்கு அனுப்பிவிட்டான். நான் அழைப்புக் கடிதம் எழுதி அனுப்பினேன். யார் அழைக்கிறார், எங்கே வேலை என்று அதில் இருக்க வேண்டும். பம்பு தொழிற்சாலை என்று எழுதினேன். கல்யாணம் நடப்பதற்கு அத்தாட்சியும் வேண்டும். பத்திரிகையை வைத்தோம்.

மே மாதம் இந்தியா ராஜஸ்தான் பாலைவனத்தில் மறுபடியும் குண்டு வெடித்தது.

டி.வி.யில் அதுவே ஓடியது. இந்த நாடு தன் தூதரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. கோட்டு போட்ட இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். அணுவிலிருந்து கரண்ட் எடுக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு என்றார் ஒருவர். உரிமை உண்டு, நம்பிக்கை எங்கே என்றார் மற்றவர். செண்பகம் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"இவன் என்ன சொல்லுதான்?"

"நம்ம நாட்டைப் பத்தித்தான்."

"விசாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது" என்றேன்.

மறுநாள் தொழிற்சாலையில் ஃபோர்மன் என் லேத் பக்கம் வந்து நின்றார். பதினேழு வருஷப் பழக்கம், நல்ல மனுஷர்.

"நாங்கள் விளக்குக்குக் கொடுத்தோம். நீங்கள் வெடி செய்தீர்கள்" என்றார். திட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

நான் வெடி செய்யவில்லை. ரெங்கனும் செய்யவில்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதி நிஜம். ரெங்கன் 86இல் கேட்டதிலும் பாதி நிஜம். இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு பதில் சொல்ல எனக்கு இங்கிலீஷ் பற்றாது. தமிழிலும் பற்றாது. குனிந்து லேத்தை ஓட்டினேன்.

விசா வரவில்லை. போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லும். அழுத்தினால் பாட்டு ஓடும். கடைசியில் ஒரு பெண், பரிசீலனையில் இருக்கிறது என்பாள். எங்கள் தொகுதி எம்.பி. ஆபீசுக்குப் போனேன். அங்கே ஓர் அம்மா தயவாகப் பேசினார். எங்கேயோ போன் போட்டார். பிறகு குரலைக் குறைத்துச் சொன்னார்.

"உங்கள் மைத்துனரின் கோப்பு விசா ஆபீசில் இல்லை. வேறு இடத்துக்குப் போயிருக்கிறது."

"எந்த இடம்?"

"அதை எனக்கே சொல்லவில்லை."

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். செண்பகத்திடம் சொல்லவில்லை. அவள் அன்றைக்குத்தான் தம்பிக்கு வேட்டி சட்டை எடுத்து வந்திருந்தாள். "அவன் இப்ப எம்புட்டு உடம்பு வச்சிருப்பான்?" என்று சட்டையை என் தோளில் வைத்து அளவு பார்த்தாள்.

6

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் ஃபோர்மன் கூப்பிட்டார். அவருடைய கண்ணாடி அறையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கத்து ஆட்கள். கை கொடுத்தார்கள். ஃபோர்மனை வெளியே போகச் சொன்னார்கள்.

மேஜை மேல் எங்கள் வீட்டுப் பத்திரிகையின் ஜெராக்ஸ் இருந்தது. மூலையில் இருந்த மஞ்சள் ஜெராக்ஸில் கறுப்பாக விழுந்திருந்தது. ரெங்கன் பேருக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

"இவர் விஞ்ஞானியா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லை. பம்பு ஃபிட்டர்."

"விண்ணப்பத்தில் ஃபிட்டர் என்று இருக்கிறது. இதில் விஞ்ஞானி என்று இருக்கிறது. எதை நம்ப?"

"விண்ணப்பத்தை நம்புங்கள். இது எங்கள் ஊர்ப் பழக்கம்."

"அச்சில் பொய் சொல்வதா?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு மட்டும்" என்றேன்.

கூட வந்தவர் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு பெரிய கேள்வி கேட்டார். எனக்குப் புரியவில்லை. சின்ன இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றேன். சின்னதாகக் கேட்டார்.

"இந்தத் தொழிற்சாலையிலிருந்து எதையாவது கொடு என்று அவர் உங்களிடம் எப்போதாவது கேட்டாரா?"

கண்ணாடிக்கு வெளியே என் லேத் தெரிந்தது. தட்டில் அன்று மத்தியானம் கடைந்த வளையங்கள் அடுக்கியிருந்தன.

86இல் மாமனார் வீட்டில் அந்தப் பேச்சு நடந்தபோது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. இல்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் டெல்லியில் ரெங்கனிடமும் இதைக் கேட்பார்கள். அவன் ஆமாம் என்று சொன்னால் நான் பொய்யன். நான் ஆமாம் என்று சொல்லி அவன் இல்லை என்று சொன்னால் அவன் பொய்யன். போன் போட்டுப் பேசவும் முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

லேத்திலிருந்து கண்ணை எடுத்தேன்.

"கேட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். ஒரு வளையம்."

"கொடுத்தீர்களா?"

"இல்லை."

"அளவைச் சொன்னீர்களா?"

"கேட்டார். சொல்லவில்லை."

"எதற்குக் கேட்டார்?"

"தண்ணீர் கசிந்ததாம். வேறு ஒன்றும் இல்லை."

இரண்டு பேரும் எழுந்து நன்றி சொன்னார்கள். அந்த அம்மா பத்திரிகை ஜெராக்ஸை எடுத்து உறையில் வைத்தார். "அழகான அட்டை" என்றார்.

என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அறையை விட்டு வரும்போதே தெரிந்துவிட்டது, மாலை எடுக்க ரெங்கன் வர மாட்டான் என்று.

7

டெல்லிக்கு நேரில் வரச் சொல்லி அவனுக்குத் தந்தி வந்தது. போனான். அன்று சாயங்காலம் அங்கிருந்து போன் போட்டான், இங்கே அப்போது காலை. நான் ஷிப்டுக்குப் போக நேரம் இருந்தது. செண்பகம்தான் போனை எடுத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவன் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, இல்லைன்னுட்டாக."

"ஏம்லே?"

"பத்திரிகைல விஞ்ஞானின்னு இருக்குல்லா. அதத்தான் பிடிச்சுக்கிட்டாக."

"அத எவன் போட்டது?"

போனில் சத்தம் இல்லை. நான் வாயைத் திறக்க அந்த நேரம் போதும். திறக்கவில்லை.

"நாந்தாங்க்கா. பிரஸ்ல நாந்தான் சொன்னேன். ஒரு ஆசை" என்றான்.

செண்பகம் போனை என் கையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

"மாப்ள" என்றேன்.

"அத்தான், அக்காட்ட நான் சொன்னபடியே இருக்கட்டும். மக கல்யாண நேரத்துல உங்க ரெண்டு பேருக்குள்ள சண்ட வேண்டாம்."

"அது சரியில்ல."

"கேளுங்க. வளையத்தப் பத்திக் கேட்டான். கேட்டது நெசந்தான், அத்தான் தரலன்னு சொன்னேன். உங்க ஆளும் இதையேதான் சொன்னாருன்னான். எனக்கு உசுரே வந்துச்சு. மாத்திச் சொல்லிருந்தா உங்க வேலையில்ல போயிருக்கும்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு கேட்டேன்.

"ரெண்டு பேரும் இல்லன்னு சொல்லிருந்தா விசா கெடச்சிருக்குமே."

"அப்படி வாங்கிட்டு வந்து என்னன்னு மாலையத் தூக்க?" என்றான். "அந்த ஸ்பானரையும் பைல எடுத்து வச்சிருந்தேன். அந்த வெள்ளக்காரன் அங்கதான எங்கயாவது இருப்பான், தேடிக் குடுத்துரலாம்னு. சரி, வைக்கேன் அத்தான். பில்லு ஓடுது."

8

கல்யாணம் இங்குள்ள கோயில் மண்டபத்தில் நடந்தது. மாமன் மாலையை வாழையிலையில் சுற்றித் தட்டில் வைத்திருந்தார்கள். ஐயர் கூப்பிட்டார்.

"தாய்மாமன் வாங்கோ."

யாரும் எழவில்லை. சம்பந்தி என் காதில் சொன்னார். "எங்க தம்பி ஒருத்தன் இருக்கான். மாமன் முறைக்கு நிக்கட்டுமே. எல்லா இடத்துலயும் செய்யுறதுதான்."

செண்பகம் கேட்டுவிட்டாள். "வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. மண்டபம் முழுக்கக் குசுகுசு என்று பேச்சு.

சுதா அம்மாவைப் பார்த்தாள். தட்டில் இருந்த மாலையைத் தானே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தனியாக நடந்து மணவறைக்கு வந்து உட்கார்ந்தாள். இந்த ஊர்ப் பிள்ளை, முறை தெரியாது என்று சிலர் சொன்னார்கள். மாமனுக்குப் பதில் இன்னொருத்தர் கை வேண்டாம் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார்.

செண்பகம் கடைசிவரை அழவில்லை. வீட்டுக்கு வந்து அந்த வேட்டி சட்டையை எடுத்துப் பெட்டிக்கு அடியில் போட்டாள்.

"பெருமைக்கு ஆசப்பட்டான். என் மக தனியா நடந்தா" என்றாள். "இனிமே அவன் போன் வந்தா எனக்குக் குடுக்காதிய."

நான் கொடுக்கவில்லை. தீபாவளிக்குப் போட்டான். பொங்கலுக்குப் போட்டான். "அக்கா குளிக்கா மாப்ள" என்றேன். "அக்கா கோயிலுக்குப் போயிருக்கா" என்றேன். பொய் என்று அவனுக்குத் தெரியும். "சரி அத்தான்" என்பான்.

அரசாங்கத்து ஆட்களிடம் உண்மையைச் சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை. ஒரு வருஷம் இப்படித்தான் போயிற்று.

9

பத்தாம் நாள் சனிக்கிழமை. பத்திரிகையை நானே ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்துப் பிரித்தேன். செண்பகம் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். சத்தமாகப் படித்தேன்.

பெண்ணின் தகப்பனார், ரெங்கன், பம்பு ஃபிட்டர். தாய்மாமன், மில் தொழிலாளி. பெரியம்மா மகன், பால்கோவாக் கடை. முதல் வரியில் அத்தை செண்பகம், மாமா நான். என் பேருக்குப் பக்கத்தில் லேத் டர்னர், கனடா. மாப்பிள்ளை பக்கத்திலும் அப்படியே. ஒருவர் பஸ் கண்டக்டர். ஒருவர் விவசாயம், கூமாப்பட்டி.

"விஞ்ஞானின்னு போடலியாக்கும்" என்றாள் திரும்பாமலே.

"இல்ல."

"இப்பயாவது புத்தி வந்துச்சே."

"அவனுக்கு அது எப்பவும் இருந்துச்சு" என்றேன். "அன்னைக்குப் போட்டது நான்."

கரண்டி நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். பிரஸ், வளையம், கண்ணாடி அறை, டெல்லி போன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தீவாளிக்குப் போன் போட்டானே. நீங்கதான எடுத்துப் பேசுனிய?"

"ஆமா."

"நான் அவனக் கரிச்சுக் கொட்டுனேன். அதையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்திய?"

"ஆமா."

பிறகு கேட்டாள். "அந்த வளையம் எம்புட்டுப் பெருசு?"

இரண்டு கை விரலையும் சேர்த்துக் காட்டினேன். அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராஜாங்கத்துக்கு ஆயிரம் ரகசியம் இருக்கும். எங்கிட்ட என்ன ரகசியம்?" என்றாள்.

இரண்டு நாள் பேசவில்லை. சோறு போட்டாள். தூக்குச் சட்டி நிரப்பினாள். பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் போன் பக்கம் போய் நம்பரை அழுத்தினாள். நம்பர் எழுதிய நோட்டைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் ரெங்கன் எடுத்தான்.

"ஏலே. நாந்தான்" என்றாள். பில் மட்டும் ஓடியது. கடைசியில் கேட்டாள். "பிள்ளைக்குச் சேல என்ன கலர்லே எடுக்க?"

போனை வைத்ததும் என்னிடம் வந்தாள்.

"சுதா பத்திரிகைய எத்தன பேருக்குக் குடுத்தோம்?"

"முன்னூறு இருக்கும்."

"அம்புட்டுப் பேரும் என் தம்பி பெருமைக்காரன்னு நெனைக்காக. ராஜபாளையத்துலயும் பேசுதாக, வில்லிபுத்தூர்லயும் பேசுதாக. அம்புட்டுப் பேருக்கும் தெரியணும். ஊர்ல எல்லாரும் படிக்கிற வாரப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்க."

"எனக்கு எழுத வராதே."

"அன்னைக்குப் பிரஸ்ல எழுதிக் குடுக்க வந்துச்சுல்ல."

நோட்டும் பேனாவும் எடுத்து வைத்தேன்.

"ஊருக்கு உங்க டிக்கெட்டு அதுக்குப் பொறவு போடலாம்" என்றாள்.

அதனால் எழுதினேன். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

சுதா கல்யாணப் பத்திரிகையை வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியட்டும். ரெங்கன் விஞ்ஞானி இல்லை. அப்படி அவன் சொன்னதும் இல்லை. அவன் பம்பு ஃபிட்டர். கையில் கிடைத்த இரும்பை வைத்துப் பதினோரு தடவை தோற்று, பன்னிரண்டாவது தடவை தண்ணீரை நிறுத்தியவன். அளவு தெரிந்தும் சொல்லாதவன் நான். பட்டம் போட்டவனும் நான்.

இதைச் செண்பகத்துக்குப் படித்துக் காட்டினேன். ஓரிடத்திலும் மாற்றச் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பெட்டிக்கு அடியிலிருந்த வேட்டி சட்டையை எடுத்து வந்து வெயிலில் உதறினாள்.

"ரெண்டு டிக்கெட்டாப் போடுங்க" என்றாள்.